சமாதானம் ‘பண்ணுகிறவர்கள்’

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். எங்கள் சபையில் சேகரக் கமிட்டித் தேர்தல் முடிந்து எட்டு மாதமாகிறது. இன்னும் ஊர் இரண்டு கட்சியாகத்தான் இருக்கிறது. ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் போவதில்லை. இந்த வருஷம் சபையின் பொது விருந்தான அசனமும் நடக்கவில்லை. என் கொழுந்தன் ஒரு கட்சியில் முக்கியமான ஆள். நான் தையல் வேலை செய்கிறேன். இரண்டு பக்கத்துப் பெண்களும் என்னிடம்தான் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிறார்கள். எல்லோரிடமும் சிரித்துப் பேசி அனுப்பிவிடுவேன், சண்டையைப் பற்றி வாய் திறக்க மாட்டேன். போன ஞாயிறு ‘சமாதானம் பண்ணுகிறவர்கள் பாக்கியவான்கள்’ என்ற வசனத்தில் பிரசங்கம். நான் செய்வதும் சமாதானம்தானே? சாதாரண ஆள் வேறென்ன செய்ய முடியும்? என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

அசனம் நின்றுபோனதைப் படித்ததும் மனம் கனத்துவிட்டது. ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே சோற்றைச் சாப்பிடுகிற நாள் அது. அதையே விட்டுவிடுகிற அளவுக்குப் போயிருக்கிறார்கள்.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள். உங்கள் மௌனம் உங்களைச் சண்டையிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. சபையைக் காப்பாற்றவில்லை. வசனத்தில் ‘பண்ணுகிறவர்கள்’ என்றிருக்கிறது. கிரேக்க மூலச் சொல்லிலும் செய்தல் என்ற வினை உள்ளேயே இருக்கிறது.

‘சாதாரண ஆள்’ என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு லைபீரியப் பெண்கள் நினைவுக்கு வந்தார்கள்.

மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் அந்த நாட்டில் 1989 கடைசியில் உள்நாட்டுப் போர் மூண்டது. இடையில் சில வருடம் ஓய்ந்து மறுபடி பற்றிக்கொண்டது. தலைநகர் மன்ரோவியாவில் புனித பேதுரு லூத்தரன் ஆலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த சுமார் 600 பேரை 1990 ஜூலை 29 அன்று அரசுப் படையினர் கொன்றார்கள். பிற்பாடு அதே ஆலய வளாகத்தில், போரில் நொறுங்கியவர்களைத் தேற்றும் வேலையில் இருந்தவர் லேமா போவீ. சிறு பிள்ளைகளின் தாய். அவர் சபைப் பெண்களைத் திரட்டியபோது, கூட்டத்தில் இருந்த ஒரே முஸ்லிம் பெண் எழுந்து நின்றார். அஸத்து பா கெனத் என்ற போலீஸ் அதிகாரி அவர். எங்கள் பெண்களையும் கூட்டி வருகிறேன் என்றார். கிறிஸ்தவப் பெண்களில் சிலர் தயங்கினார்கள். சேர்ந்து ஜெபித்தால் நம் விசுவாசம் என்னாகும் என்ற பயம். தோட்டாவுக்குக் கிறிஸ்தவர் யார், முஸ்லிம் யார் என்று தெரியுமா என்று கேட்டுத்தான் அந்தத் தயக்கத்தைக் கடந்தார்கள்.

2003 ஏப்ரலில் மீன்சந்தைப் பக்கத்து மைதானத்தில், அதிபர் சார்லஸ் டெய்லரின் கார்கள் போகிற வழியில், வெள்ளை உடுத்தி நகையில்லாமல் உட்கார்ந்தார்கள். வெயிலும் மழையும் மாறி மாறி அடித்தன, கலையவில்லை. அந்த மாதம் 23ஆம் தேதி டெய்லர் அவர்களைச் சந்தித்தார். போரால் களைத்துவிட்டோம், ஓடி ஓடிக் களைத்துவிட்டோம், நிவாரணக் கோதுமைக்குக் கையேந்திக் களைத்துவிட்டோம் என்று போவீ அவர் முன்னாலேயே சொன்னார்.

உங்களுக்குச் சொல்ல நினைப்பது இனிமேல்தான். கிறிஸ்தவப் பெண்கள் தங்கள் பிஷப்புகளிடமும் போதகர்களிடமும் போனார்கள். முஸ்லிம் பெண்கள் இமாம்களிடம் போனார்கள். டெய்லர் ஊரறியக் கிறிஸ்தவர், கலகப்படைத் தலைவர்களில் பலர் முஸ்லிம்கள். அவரவர் தத்தம் பக்கத்தாரைப் பிடித்து உலுக்கினார்கள். எதிராளியைக் குறை சொல்ல யாருக்கும் முடியும். சொந்த வீட்டு ஆளிடம் ‘போதும், நிறுத்து’ என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்?

கானா நாட்டுத் தலைநகர் அக்ராவில் அரசுக்கும் கலகப்படைகளுக்கும் நடந்த பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனபோது, மண்டப வாசலை அடைத்து உட்கார்ந்ததும் இதே பெண்கள்தான். ஆகஸ்ட் 18 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. அவர்களால் மட்டுமே போர் நின்றது என்று சொல்ல மாட்டேன். வெளிநாட்டு நெருக்கடியும் படைகளும் இருந்தன. ஆனால் பேசப் போனவர்களை எழுந்து போகவிடாமல் உட்கார வைத்தவர்கள் இவர்கள்.

உங்கள் கொழுந்தன் உங்கள் பக்கத்து ஆள். அவர் வீட்டுக்கு வரும்போது, கோழிக்குழம்பு ஊற்றிய பிறகு கேளுங்கள்: “தம்பி, அசனத்துக்கு முதல் அரிசி நம்ம வீட்டிலிருந்து போனால் என்ன?” கோபப்படுவார். அடுத்த வாரமும் கேளுங்கள். ஜாக்கெட் வாங்க வருகிறவர்களில் எதிர்க்கட்சி வீட்டுப் பெண் ஒருத்தியை உட்கார வைத்து, அவள் வீட்டிலும் இதையே கேட்கச் சொல்லுங்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பேர் சேர்ந்தால் தொடங்கிவிடலாம். உங்கள் தையல் வாடிக்கை குறையலாம். உங்கள் பிழைப்பு அது, எனக்குத் தெரியும். அதனால்தான் ஒரே நாளில் எல்லோரிடமும் பேசச் சொல்லவில்லை.

என்ன நடந்தது என்று எழுதுங்கள். அசனத்துக்கு நாள் குறித்தால் சொல்லுங்கள், வருகிறேன்.