வீட்டு பிரிண்டரில் அச்சிடும் புகைப்படத்தில் வெள்ளைக் கோடுகள் விழுவது ஏன்?

படத்தின் குறுக்கே சீரான இடைவெளியில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் தெரிந்தால், பெரும்பாலும் மையை உமிழும் நுண்துளைகளில் சில அடைத்திருக்கின்றன என்று பொருள்.

இங்க்ஜெட் பிரிண்டரின் அச்சுத் தலையில் தலைமுடியைவிட நுண்ணிய துளைகள் நூற்றுக்கணக்கில் உண்டு. தலை இடவலமாக ஓட, தாள் சிறிது சிறிதாக நகரும். பல நாள் அச்சிடாமல் விட்டால் துளை வாயில் மை உலர்ந்துவிடும். அந்தத் துளை கடக்கும் வரி வெறுமையாக நிற்கும். கோலக் குழலில் ஈரமாவு ஒரு துளையை அடைத்தால், உருட்டும் இடமெல்லாம் அந்தப் புள்ளி விடுபடுமே, அதேதான். ஒரே நிறத்தின் துளைகள் பெருமளவு அடைத்தால் கோட்டுக்குப் பதில் நிறமே மாறும்: மெஜந்தா எனும் இளஞ்சிவப்பு மை குறைந்தால் முகங்கள் பச்சையடிக்கும்.

முதலில் பிரிண்டரின் அமைப்பில் உள்ள துளைச் சோதனைத் தாளை ('நாசில் செக்') அச்சிடுங்கள். அதில் கோடுகள் அறுந்திருந்தால் மட்டும் அச்சுத் தலையைச் சுத்தம் செய்யும் 'ஹெட் கிளீனிங்' செய்யுங்கள். ஓரிரு முறைக்குப் பிறகும் தீராவிட்டால் ஓர் இரவு விட்டு மறுபடி பாருங்கள். சோதனைத் தாள் முழுமையாக இருந்தும் படத்தில் கோடு விழுந்தால் அச்சுத் தலையைச் சீரமைக்கும் 'அலைன்மென்ட்' தேவை. தாள் வகையையும் பாருங்கள். பளபளப்புத் தாளை வைத்துவிட்டு அமைப்பில் சாதாரணத் தாள் என்று விட்டிருப்பவர்கள் ஏராளம்.

சுத்தம் செய்வதற்குச் செலவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் நல்ல மைதான் உறிஞ்சப்பட்டுக் பிரிண்டருக்குள் இருக்கும் கழிவுப் பஞ்சுக்குப் போகிறது.