வீட்டை விற்றுவிட்டுப் புறப்படுகிறவர்களுக்கு: வன்னியிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். இப்போது காணிப் பத்திரமான உறுதிகளை எழுதும் நொத்தாரிசு ஒருவருக்கு அவற்றைப் படித்துக் கொடுக்கிறேன். இலங்கையின் வடக்கே வன்னியிலிருந்து சிறு பிள்ளைகளோடு வெளிநாடு போகும் குடும்பங்களின் கேள்விகள் இவை. வழக்குக்குப் போகக்கூடிய விடயமென்றால் சட்டத்தரணியிடம் போங்கள். என் பதிலைக் காட்டி யாரோடும் வாதாட வேண்டாம்.

வட்டக்கச்சியிலிருந்து: கனடா விசா வந்துவிட்டது. காணி அப்பாவின் பெயரில் பேர்மிட். வீடு இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டியது. வாங்க ஆள் முற்பணத்தோடு நிற்கிறார். எழுதிக் கொடுக்கலாமா?

முற்பணத்தைத் தொடாதீர்கள், தம்பி. வன்னியில் வீடு விற்கிற எவரும் விலையைப் பேசுவதற்கு முன் இரும்புப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பது எந்தக் கடுதாசி என்று பார்க்க வேண்டும். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று குளத்தை நம்பிக் குடியேறிய இடங்களில் பெரும்பாலானவை 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அரச காணிகள். பேர்மிட் என்றால் காணி இன்னும் அரசினுடையது. அதை விற்க உங்களுக்கோ அப்பாவுக்கோ உரிமை இல்லை. வீட்டுத்திட்டம் தந்த ஐந்தரை இலட்சத்துக்கு மேல் கைக்காசு பல இலட்சம் போட்டிருப்பீர்கள், தெரியும். ஆனாலும் சட்டத்தில் வீடு காணியின் பின்னால்தான் போகும்.

ஊரில் நடப்பது என்ன? முத்திரை ஒட்டிய ஒரு தாளில் ‘விற்றேன்’ என்று எழுதி, கிராம அலுவலருக்குத் தெரியாமல் காசு கை மாறும். நீங்கள் விமானம் ஏறிய பிறகு வாங்கியவருக்கு வங்கிக் கடனும் இல்லை, உறுதியும் இல்லை. அவர் யாரைத் தேடி வருவார்? ஊரில் இருக்கும் உங்கள் அப்பாவைத்தான்.

வழி இருக்கிறது, ஆனால் அது விசாவின் வேகத்தில் வராது. அப்பா பேர்மிட் நிபந்தனைகளை நிறைவேற்றியிருந்தால், காணியை அவருக்கே உரித்தாக்கும் அளிப்புப் பத்திரத்துக்கு விண்ணப்பிக்கலாம். அளிப்பு வந்த பிறகும் பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதியை முன்கூட்டியே பெற்றுத்தான் விற்கலாம். அதுவரை ஊரில் நிற்கும் தங்கையையோ தம்பியையோ தனக்குப் பின் காணியைப் பெறும் பின்னுரித்தாளராக அப்பா பதியட்டும், அவர்கள் அங்கே குடியிருக்கட்டும். விற்ற காசு இல்லாமல் பயணத்தைச் சமாளிக்க முடியாதென்றால் பயணத்தைத் தள்ளிப்போடுவதைப் பற்றி யோசியுங்கள். இதைச் சொன்னால் கோபம் வரும். வரட்டும்.

வவுனியாவிலிருந்து ஒரு தாய்: வீடு எனக்குச் சீதனமாக வந்தது. கணவர் மூன்று வருடமாகப் பிரான்ஸில். நானும் பிள்ளைகளும் போகப் போகிறோம். நான் மட்டும் கையெழுத்து வைத்தால் போதாதா?

போதாது, தங்கச்சி. வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை உங்களுக்குப் பொருந்துமென்றால் 1911ஆம் ஆண்டுச் சட்டப்படி மனைவி தன் சொந்தக் காணியை விற்பதற்கும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இந்தக் காலத்தில் இது என்ன நியாயம் என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்கிறேன். ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. கணவர் பாரிஸிலுள்ள நம் தூதரகத்தில் அற்றோணித் தத்துவம், அதாவது தனக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்க இங்கே ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம், எழுதி அனுப்பட்டும். அதை இங்கே பதிவுசெய்த பிறகுதான் பயன்படுத்தலாம்.

சீதன உறுதியின் கடைசிப் பக்கத்தையும் நிதானமாகப் படியுங்கள். ‘சீவிய உரித்து’ என்று, உயிரோடு இருக்கும்வரை வீட்டை அனுபவிக்கும் உரிமையை அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஒதுக்கி எழுதியிருப்பார்கள். அப்படி இருந்தால் அவர்களும் உறுதியில் கையெழுத்து வைக்க வேண்டும். அம்மா எங்கே இருக்கப் போகிறார் என்ற கேள்வி அப்போதுதான் பல வீடுகளில் முதல்முறையாக எழும். அதை நொத்தாரிசின் மேசையில் வைத்துப் பேசாமல் வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுப் போங்கள்.

இன்னொன்று: தேசவழமையில் முன்வாங்கும் உரிமை உண்டு. காணியில் பங்குள்ளவர்களுக்கும், உங்களுக்குப் பின் உரித்தாளராக வரக்கூடியவர்களுக்கும் முதலில் அறிவிக்க வேண்டும். காணியில் பங்குள்ள அண்ணனுக்குச் சொல்லாமல் வெளியாளுக்கு விற்றால் அவர் நீதிமன்றத்துக்குப் போகலாம். 1977க்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து இங்கே வேர்விட்ட குடும்பங்களுக்குத் தேசவழமை பொருந்துமா என்பது தனிக் கேள்வி. அவர்கள் சட்டத்தரணியிடம் கேட்டுத் தெளிய வேண்டும்.

மல்லாவியிலிருந்து: உறுதி 2009இல் முள்ளிவாய்க்கால் பக்கம் போனபோது தொலைந்துவிட்டது.

தொலைந்தது உங்கள் பிரதிதான். நொத்தாரிசு ஒவ்வோர் உறுதியின் இணைப்பிரதியையும் காணிப் பதிவகத்துக்கு அனுப்பியிருப்பார். உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் தெரிந்தால் அங்கே சான்றுப்படுத்திய பிரதி எடுக்கலாம். எதுவும் நினைவில் இல்லையென்றால் பக்கத்து வளவுக்காரரின் உறுதியைக் கேட்டுப் பாருங்கள். அதில் எல்லையாக உங்கள் குடும்பப் பெயர் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு பதிவகத்தில் தோம்பு, அதாவது காணிப் பதிவேடு, தேடலாம். பேர்மிட் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தின் காணிப் பேரேட்டில் பாருங்கள்.

கிளிநொச்சியிலிருந்து: உறுதிக் காணி. விலை எண்பது இலட்சம். வாங்குபவர் நாற்பது என்று எழுதச் சொல்கிறார். எங்களுக்கு என்ன நட்டம்?

அவருக்கு என்ன இலாபம் என்று முதலில் பாருங்கள். முத்திரை வரி முதல் ஓர் இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். எண்பதுக்கு 3,19,000 ரூபாய், நாற்பதுக்கு 1,59,000. அவர் மிச்சம் பிடிப்பது ஓர் இலட்சத்து அறுபதாயிரம். அதுவும் நிச்சயமில்லை, சந்தைப் பெறுமதியை அதிகாரிகள் கேட்கலாம்.

உங்களுக்கு நட்டம் அதைவிடப் பெரிது. போகிற நாட்டில் இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். இங்கே வங்கியும் கேட்கும். உறுதியில் நாற்பது இருந்தால் மற்ற நாற்பது இலட்சம் யாருடைய காசு? அந்தக் காசைச் சட்டப்படி வெளியே எடுக்க முடியாமல்தான் பலர் களவாகப் பணம் அனுப்பிக் கொடுக்கும் உண்டியல்காரரைத் தேடிப் போகிறார்கள். உள்ள விலையையே எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

அதே வாசகர்: பணத்தை எப்படிக் கொண்டுபோவது? வரி உண்டா?

குடிபெயர்பவர்களுக்கென்று வங்கியில் ‘மூலதனக் கொடுக்கல்வாங்கல் ரூபாய்க் கணக்கு’ உண்டு. விற்ற காசு அதன் வழியாகத்தான் போக வேண்டும். எவ்வளவு கொண்டுபோகலாம் என்ற எல்லை அடிக்கடி மாறுகிறது. ஆகவே உறுதி எழுதும் முன்பே வங்கியில் கேளுங்கள்.

மூலதன ஆதாய வரி உண்டு. ஆனால் நீங்கள் வதியும் வீடாக இருந்து, விற்பதற்கு முந்தைய மூன்று வருடமும் அது உங்கள் உடைமையாக இருந்து, அதில் குறைந்தது இரண்டு வருடம் நீங்கள் குடியிருந்திருந்தால் விலக்கு கிடைக்கும். இந்த விலக்கு இலங்கையில் வதிபவருக்கே. போய்க் குடியேறிய பிறகு அற்றோணித் தத்துவத்தால் ஆறுதலாக விற்கலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒட்டுசுட்டானிலிருந்து: விற்கும் முன் பலாமரத்தைத் தறித்துப் பலகையாக்கலாமா?

பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றையும் அனுமதியில்லாமல் தறிக்கக் கூடாது. விட்டுவிடுங்கள். காய்க்கிற மரம் நிற்கிற வளவுக்கு விலையும் கூடும்.

பரந்தனிலிருந்து ஓர் ஆசிரியை: மகனுக்கு ஆறு வயது. வீட்டை விற்கிறோம் என்று தெரிந்த நாளிலிருந்து சாப்பிட மறுக்கிறான். நாயையும் கறுத்தக்கொழும்பான் மாமரத்தையும் கொண்டுபோக வேண்டுமாம். ‘கொஞ்ச நாளில் திரும்பி வருவோம்’ என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

காணிக்காரனிடம் இதைக் கேட்கிறீர்களே, பிள்ளை! ஆனால் கையெழுத்து நாளில் நொத்தாரிசின் விறாந்தையில் எத்தனையோ பிள்ளைகள் அழுததைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

திரும்பி வருவோம் என்று சொன்னதை இன்றைக்கே திருத்துங்கள். வந்தால் இந்த வீட்டுக்கு வரமாட்டோம், ஊருக்கு வருவோம் என்று சொல்லுங்கள். அழுவான். இரண்டு நாள் அழுதுவிட்டுக் கேள்வி கேட்கத் தொடங்குவான். பொய் சொல்லி ஏற்றிக்கொண்டு போனால் அந்தக் கேள்விகளை அங்கே, குளிருக்குள், நீங்கள் இருவரும் வேலைக்கு ஓடுகிற நேரத்தில் கேட்பான்.

நாயைக் கடைசி நாளில் யாரிடமும் தள்ளிவிடாதீர்கள். இப்போதே ஒரு வீட்டைத் தெரிந்து, புறப்படுவதற்கு இரண்டு கிழமைக்கு முன் கொண்டுபோய் விடுங்கள். மகன் பின்னேரங்களில் போய்ப் பார்க்கட்டும். அது அங்கே சோறு தின்பதை அவன் தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

மாமரத்துக்கு, வாங்குபவரின் பிள்ளைகளை ஒரு நாள் வரச் சொல்லுங்கள். எந்தக் கிளையில் ஏறலாம், எதில் முசுறு கூடு கட்டும் என்று உங்கள் மகனே காட்டிக் கொடுக்கட்டும். ஒரு குடும்பம் இப்படிச் செய்ததைப் பார்த்தேன். அந்தப் பையன் கிணற்றடியையும் காட்டி, ‘இந்தக் கல் ஆடும், கவனம்’ என்று வாங்க வந்தவர்களை எச்சரித்தான். அவனுடைய தாய்தான் அழுதார்.

மாங்குளத்திலிருந்து: உறுதிக் காணிதான். விற்காமல் பூட்டிவிட்டுப் போனால் என்ன?

காசு அவசரமில்லையென்றால் விற்காதீர்கள் என்பதுதான் என் எண்ணம். 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வெளிநாட்டுப் பிரசைகளுக்கு இங்கே காணி கைமாற்ற முடியாது. நாளைக்குப் பிரசாவுரிமை எடுத்துவிட்டு, இரட்டைப் பிரசாவுரிமை இல்லாமல் வந்து திரும்ப வாங்க நினைத்தால் வாங்க முடியாது. ஆனால் இருக்கிற காணி உங்களுடையதாகவே இருக்கும். பிள்ளைகள் வெளிநாட்டுப் பிரசைகளானாலும் நெருங்கிய உறவு என்ற முறையில் முதுசொமாக அடையலாம்.

ஆனால் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். ஒரு மாரிக்குள் கறையான் நிலைகளைத் தின்றுவிடும், குரங்கு ஓட்டைக் கழற்றிவிடும். யாரையாவது இருத்துங்கள். சொந்தக்காரர் என்றாலும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். எழுத்தில்லாமல் பத்து வருடம் இருந்தவர் காணி தனதென்று ஆட்சியுரிமை கோரி வழக்குப் போட்டால் வெளிநாட்டிலிருந்து தவணைக்கு வந்து போக உங்களால் முடியாது.

புதுக்குடியிருப்பிலிருந்து: பிள்ளைகளின் பெயரில் நன்கொடை எழுதிய காணி. நாங்கள் பெற்றோர், விற்கலாம்தானே?

முடியாது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களின் காணியை விற்க மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அந்தப் பணம் பிள்ளைகளின் நன்மைக்கு என்று நீதிமன்றம் திருப்திப்பட வேண்டும். நாள் எடுக்கும், இப்போதே தொடங்குங்கள்.

நெடுங்கேணியிலிருந்து: சாவியை எப்போது கொடுப்பது?

முழுப்பணமும் வங்கிக் கணக்கில் விழுந்து, உறுதியில் கையெழுத்தான பிறகு. பயண நாள்வரை அங்கேயே இருக்க வேண்டுமென்றால் அந்தத் திகதியை விலைப் பேச்சிலேயே சொல்லி எழுத்தில் போடுங்கள். சாவி கொடுக்கிற அன்று மின்சார மானியின் வாசிப்பைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; கடைசிப் பட்டியலுக்குத்தான் பிறகு சண்டை வருகிறது.