உதவித்தொகை எந்தப் பணம் என்று முதலில் கேளுங்கள்

தம்பி, அமெரிக்காவில் முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைத்திருக்கிறது, காலநிலை மாற்றத்தைத் தாங்கும் சாலைகளையும் பாலங்களையும் ஆராயப் போகிறேன், இரண்டு பேராசிரியர்கள் கூப்பிடுகிறார்கள், யாரிடம் சேரலாம், குளிர் எப்படி, வீடு எப்படி, முடித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். குளிரைப் பற்றித் தேவைக்கு மேலேயே மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு அங்குள்ள மாணவர் சங்கத்துக்கு எழுதுங்கள். பேராசிரியரைப் பற்றி மட்டும் நான் பேசுகிறேன். நான் வந்தபோது இதை எனக்குச் சொல்ல ஒருவரும் இல்லை.

இருவருடைய ஆய்வுத் தலைப்பும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். தலைப்பை விடுங்கள். எனக்குத் தரப்போகும் உதவித்தொகை எந்த மானியத்திலிருந்து வருகிறது, அந்த மானியம் எப்போது முடிகிறது என்று இருவரிடமும் மின்னஞ்சலில் கேளுங்கள். பணிவாகக் கேட்டால் போதும். நல்ல பேராசிரியர் இரண்டு வரியில் பதில் போட்டுவிடுவார். கோபித்துக்கொள்கிறவரிடம் ஐந்தாண்டு குப்பை கொட்ட வேண்டாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இங்கே இந்தத் துறையில் மாணவரின் சம்பளமும் கல்விக் கட்டணமும் பெரும்பாலும் பேராசிரியர் கொண்டுவரும் திட்டப் பணத்திலிருந்துதான் வருகின்றன. மத்தியப் போக்குவரத்துத் துறை பல்கலைக்கழகப் போக்குவரத்து மையங்களுக்குக் கொடுக்கும் பணம் ஒரு வகை. 1987இல் தொடங்கிய ஏற்பாடு அது. மத்திய அரசு ஒரு பங்கு கொடுக்கும், மையம் தன் பங்குக்கு வேறு எங்காவது திரட்ட வேண்டும். மாநிலப் போக்குவரத்துத் துறைகள் தங்கள் தேவைக்காகத் தரும் திட்டங்கள் இன்னொரு வகை. 2021ஆம் ஆண்டின் உள்கட்டமைப்புச் சட்டம் வந்தபோது எல்லோருக்கும் ஒரே உற்சாகம். வெள்ளத்தையும் வெப்பத்தையும் தாங்கும்படி சாலைகளை மேம்படுத்த மட்டுமே ஐந்தாண்டுகளுக்குச் சுமார் 870 கோடி டாலர் ஒதுக்கினார்கள். ஆய்வுத் தலைப்புகளில் எல்லாம் காலநிலை வந்து உட்கார்ந்துகொண்டது. பிறகு ஆட்சி மாறியது. 2025 மே மாதத்தில் ஏழு பல்கலைக்கழகங்களின் போக்குவரத்து ஆய்வு மானியங்களை, மொத்தம் சுமார் 5.4 கோடி டாலரை, அதே மத்தியத் துறை ரத்து செய்தது. சூழலைக் கெடுக்காத, நீடித்த போக்குவரத்துக்கென்றே இருந்த மையமும் அதில் போயிற்று.

அப்படிப்பட்ட இடத்தில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருக்கும் வெளிநாட்டு மாணவரை நினைத்துப் பாருங்கள். எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் இருப்பவர் பருவம் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம், அதுவும் வளாகத்துக்குள். விசா நிலைக்க வேண்டுமென்றால் முழுநேர மாணவராகப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுக்குக் கட்டணம் வேண்டும். உள்ளூர் மாணவர் ஓராண்டு எங்காவது வேலை பார்த்துவிட்டுத் திரும்புவார். நமக்கு அந்த வழி கிடையாது.

எனக்கு நேர்ந்ததும் கிட்டத்தட்ட இதுதான். நான் நம்பி வந்த திட்டம் புதுப்பிக்கப்படவில்லை என்று, வந்து இறங்கிய வாரத்திலேயே பேராசிரியர் சொன்னார். சொன்ன விதமும் நினைவிருக்கிறது. காப்பிக் கோப்பையைக் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி. அவர் முன்பே அறிந்திருந்தார் என்பது பிறகு தெரியவந்தது. ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தால் நான் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போயிருப்பேன். அந்த மாடியில் இருந்த கதவுகளை வரிசையாகத் தட்டினேன். கடைசியில் நீரியல் பேராசிரியர் ஒருவர், மாநிலச் சாலைத் துறைக்காகக் கல்வெர்ட்டுகளைக் கணக்கெடுக்க ஆள் வேண்டும், காட்டிலும் பள்ளத்திலும் இறங்குவாயா என்று கேட்டார். இறங்குவேன் என்றேன். கல்வெர்ட், அதுதான் சாலைக்கு அடியில் ஓடையைக் கடத்தும் சிறுபாலம், பல இடங்களில் வெறும் பெரிய குழாய். உடன் வந்தவர்கள் பலருக்கு என்னைப் பார்த்துச் சிரிப்பு. அவர்கள் செயற்கைக்கோள் படங்களோடு இருந்தார்கள், நான் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு குழாய்க்குள் டார்ச் அடித்துக்கொண்டிருந்தேன்.

அங்கேதான் இந்தத் துறை எனக்குப் புரிந்தது. மாணவர்கள் எல்லோரும் பெரிய உதாரணங்களுக்கே ஓடுகிறார்கள். 2005இல் கத்ரீனா புயல், நியூ ஆர்லியன்ஸுக்கு அருகே ஏரிப் பாலத்தின் தளங்களைத் தூக்கி நகர்த்தியது. அடியில் சிக்கிய காற்றும் அலையும் சேர்ந்து செய்த வேலை. 2012இல் சாண்டி புயலின்போது, திறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த நியூயார்க்கின் சவுத் ஃபெர்ரி சுரங்க ரயில் நிலையம் உப்புநீரில் மூழ்கியது. அவற்றை ஆராயட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு மலைக் கிராமத்தை வெளியுலகத்திலிருந்து துண்டிக்க நாலடிக் குழாய் ஒன்று அடைத்தாலே போதும்.

நான் இறங்கிப் பார்த்த குழாய்களில் பல, எங்கே எவ்வளவு கனமழை எதிர்பார்க்கலாம் என்று 1961இல் வெளியிட்ட மழை அட்டவணையை வைத்து அளவு குறித்தவை. அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களுக்குப் புதிய தேசிய அட்டவணை 2015இல்தான் வந்தது. அதுவும் கடந்த கால மழைப் பதிவை வைத்துப் போட்டதே. நூறாண்டு வெள்ளம் என்றால் நூறாண்டுக்கு ஒருமுறை வருவது என்று பொறியாளர்களே சில சமயம் பேசுகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான். 30 ஆண்டுகளில் அது ஒருமுறையாவது வர நூற்றுக்கு 26 வாய்ப்பு உண்டு. மழை கனத்துக்கொண்டே போனால் அந்தக் கணக்கும் நிற்காது. 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் வெர்மான்ட் மாநிலத்தில் சாலைகளை வாரிக்கொண்டு போனது. அதன்பின் நடந்த தகராறைத் தேடிப் படியுங்கள். அடித்துப்போன குழாயைப் பழைய அளவிலேயே போட்டால் நிவாரணப் பணம் கிடைக்கும், பெரிதாகப் போட்டால் கூடுதல் செலவை யார் ஏற்பது என்று சிற்றூர்களும் மத்திய அரசும் ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டார்கள். பெரிய குழாய் போட வேண்டும் என்று காட்ட, வெள்ளத்தைக் கணினியில் கணக்கிட்டுக் காட்டும் உங்கள் மாதிரி போதும். பணம் யார் தருவது என்பதற்கு மாதிரி பதில் சொல்லாது.

எங்களோடு பராமரிப்புப் பிரிவு மேற்பார்வையாளர் ஒருவர் வருவார். ஓய்வு பெறப் போகிறவர், பேச்சு குறைவு. என் வெள்ளக் கணக்கு வரைபடத்தைத் தன் வண்டியின் பானெட்டில் விரித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, இதில் பீவர் எங்கே என்று கேட்டார். கிண்டல் என்று நினைத்தேன். கிண்டலில்லை. பீவர் என்பது மரத்தைக் கடித்து வீழ்த்தும், பெருத்த எலி போன்ற விலங்கு; ஓடும் நீரின் சத்தம் கேட்ட இடத்தில் அணை கட்டும். சாலைக் கரையோ ஏற்கெனவே பாதி அணை. குழாய் வாயை மட்டும் குச்சியும் சேறும் வைத்து அடைத்துவிட்டால் அதற்கு வேலை முடிந்தது. அடுத்த மழையில் சாலை போய்விடும். அவர் காட்டிய இடங்களைக் குறித்து என் மாதிரியில் அடைப்பைச் சேர்த்த பிறகுதான் அது உண்மையில் உடைந்த இடங்களோடு பொருந்திவந்தது. என் முதல் ஆய்வுக் கட்டுரையே அதுதான். களத்துக்குப் போனால் மாலையில் கால் மடிப்புகளில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். உண்ணி கடித்துப் பரவும் லைம் நோய் விளையாட்டில்லை. குளிரைப் பற்றி அவ்வளவு சொன்னவர்கள் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நம்மவர்களைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் வந்ததும் மூத்த மாணவர்கள் சிலர் தோளில் கைபோட்டு, ஆய்வகம் வேண்டாம், களம் வேண்டாம், எல்லாவற்றையும் கணினியிலேயே முடித்துக்கொள், பிறகு மென்பொருள் பக்கம் தாவிவிடு என்பார்கள். தாவியவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள், எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை. ஆனால் கட்டுமானப் பொறியியல் படித்தும் தார்க் கலவை எப்படிக் கொதிக்கும் என்று பார்க்காதவர்கள், மழையையே படத்தில் மட்டும் பார்த்தவர்கள், விருந்துகளில் உட்கார்ந்து இந்த நாட்டுச் சாலைத் துறைக்கு ஒன்றும் தெரியாது என்று பேசுவதைக் கேட்டால் எழுந்து வெளியே போய்விடத் தோன்றுகிறது. இன்னொரு கூட்டம் இருக்கிறது. பேருந்தைப் பற்றி முனைவர் பட்டம் வாங்கியிருப்பார்கள், அந்த ஊர்ப் பேருந்தில் ஒருமுறைகூட ஏறியிருக்க மாட்டார்கள். நானும் கார் வைத்திருக்கிறேன், சிற்றூரில் வேறு வழி இல்லை. அதனால்தான் பேருந்தைப் பற்றி வாய் திறப்பதில்லை.

வேலை கிடைக்குமா என்றால், கிடைக்கும், ஆனால் மத்திய அரசு வேலைகள் பெரும்பாலும் குடிமக்களுக்குத்தான். தனியார் ஆலோசனை நிறுவனங்களைத்தான் நம்ப வேண்டும். படிப்புக்குப் பின் பயிற்சி வேலைக்கு 12 மாதமும், பொறியியல் போன்ற துறைகளுக்கு மேலும் 24 மாதமும் அனுமதி உண்டு. உரிமம் பெற்ற பொறியாளர் ஆவதற்கான முதல் தேர்வை மாணவராக இருக்கும்போதே எழுதி முடியுங்கள். பாடம் மறந்த பிறகு எழுதுவது வேதனை.

ஜனவரி தோறும் வாஷிங்டனில் போக்குவரத்து ஆராய்ச்சி வாரியத்தின் ஆண்டுக் கூட்டம் நடக்கும். கட்டுரைக்கு ஆகஸ்ட் முதல் தேதி கெடு. பெரிய அரங்குகளை விட்டுவிட்டுக் குழுக் கூட்டங்களில் போய் உட்காருங்கள், பார்வையாளர்களை யாரும் தடுக்க மாட்டார்கள். மாநிலச் சாலைத் துறைப் பொறியாளர்கள் தங்கள் தலைவலிகளைப் பேசும் இடம் அது. முதல் தடவை போனபோது நான் சுவரோரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அங்கே நான் பேச ஆரம்பித்தால் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

இரண்டு பேராசிரியர்களிடமும் பட்டம் வாங்கிப் போனவர்களின் பெயர்கள் அவரவர் ஆய்வகப் பக்கத்தில் இருக்கும். பாதியில் விட்டுப்போனவர்களின் பெயர்கள் இருக்காது. பழைய கட்டுரைகளில் இணை ஆசிரியராக வந்து பிறகு காணாமல் போனவர் யார் என்று தேடி, அவருக்கும் ஒரு கடிதம் போடுங்கள்.