கவுன்ட் நார்மலைசேஷன்: வாசகர் கேள்விகள்

ஆர்.என்.ஏ. சீக்வென்சிங்கில் கருவி படிக்கும் ஒவ்வொரு துண்டும் ஒரு ரீட்; ஒரு மரபணுவுக்கு எத்தனை ரீட் என்பது கவுன்ட். சாம்பிள்களை ஒப்பிட ஏற்றபடி அதைச் சரிசெய்வதுதான் நார்மலைசேஷன்.

கே: ஒரு சாம்பிளில் 2 கோடி ரீட், இன்னொன்றில் 4 கோடி. பெரியதைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளவா?

ப: வேண்டாம். காசு கொடுத்து எடுத்த ரீட்களை எறியாதீர்கள். மரபணு வித்தியாசங்களைச் சோதிக்கும் மென்பொருள்களான டீசீக்2, எட்ஜ்ஆர் இரண்டுமே இந்த வித்தியாசத்தைப் பார்த்துக்கொள்ளும்.

கே: கையில் டி.பி.எம். (மரபணு நீளத்துக்கும் மொத்த ரீட்டுக்கும் ஏற்பச் சரிசெய்த எண்) அட்டவணைதான் இருக்கிறது. முழு எண்ணாக்கி டீசீக்2-வில் போட்டேன், ஓடிவிட்டது. சரிதானே?

ப: சரியில்லை. ஓடிவிட்டதால் மட்டும் சரியாகிவிடாது. எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கேள்வி திரும்பி வருகிறது; அதனால் கணக்காகவே காட்டுகிறேன். ஒரே சாம்பிளில் 1,000 எழுத்து நீள மரபணுவுக்கு 10 ரீட், 10,000 எழுத்து நீள மரபணுவுக்கு 100 ரீட் என்று வையுங்கள். டி.பி.எம். இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் முதலாவதில் எண்ணிக்கை தற்செயலாகவே 3 ரீட் முன்பின் ஆகும். அது 30 சதவீதம். இரண்டாவதில் 10 ரீட், 10 சதவீதம்தான். எந்த மரபணுவை எவ்வளவு நம்பலாம் என்று டீசீக்2 கணிப்பதே இந்த எண்ணிக்கையை வைத்துத்தான். டி.பி.எம். அதை அழித்துவிடுகிறது. ரீட்களை எண்ணித் தரும் சால்மன் மென்பொருளை ஓட்டியிருந்தால் அதன் கோப்புகளை டி.எக்ஸ்.இம்போர்ட் என்ற ஆர் தொகுப்பு வழியாக ஏற்றுங்கள். அடுத்தவர் தரவு என்றால் மூல கவுன்ட்டை, அதாவது நார்மலைஸ் செய்யாத எண்ணிக்கையை, கேட்டு வாங்குங்கள். மறுபடி சொல்கிறேன்: மூல கவுன்ட்.

கே: ரத்த சாம்பிள். நோயாளிகளிடம் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் குறைந்து தெரிகின்றன. ஏன்?

ப: எப்படி நார்மலைஸ் செய்தீர்கள், குளோபினை (ரத்தத்தில் மிக அதிகமாக இருக்கும் ஹீமோகுளோபின் ஆர்.என்.ஏ.) நீக்கினீர்களா, இரண்டையுமே எழுதவில்லை. இது தெரியாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது. மொத்த ரீட்டால் மட்டும் வகுத்திருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்: நோயாளி சாம்பிளில் மட்டும் குளோபின் பாதி ரீட்டை விழுங்கினால், மற்றதெல்லாம் பாதியாகத் தெரியும். ராபின்சனும் ஓஷ்லாக்கும் 2010-ல் டி.எம்.எம். என்ற நார்மலைசேஷன் முறையைக் கொண்டுவந்ததே இந்தச் சிக்கலுக்காகத்தான். அதுவும் பெரும்பாலான மரபணுக்கள் மாறவில்லை என்று நம்பித்தான் நிற்கிறது. செல்லின் மொத்த ஆர்.என்.ஏ.வே கூடிக் குறைந்தால் ஸ்பைக்-இன் (வெளியிலிருந்து தெரிந்த அளவில் கலக்கும் ஆர்.என்.ஏ.) சேர்த்திருக்க வேண்டும்.

கே: பி.சி.ஏ. (எந்தச் சாம்பிள்கள் ஒன்றுபோல் இருக்கின்றன என்று காட்டும் படம்) வரைய எந்த எண்?

ப: வி.எஸ்.டி., அதாவது ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்த எண். ஆனால் மரபணு வித்தியாசச் சோதனைக்கு மூல கவுன்ட்தான்.

கே: கன்ட்ரோல் எல்லாம் மார்ச்சில், நோயாளிகள் எல்லாம் ஜூனில் சீக்வென்ஸ் செய்தோம். பேட்ச் வித்தியாசத்தை எந்த நார்மலைசேஷன் எடுக்கும்?

ப: எதுவும் எடுக்காது. நோயும் மாதமும் ஒன்றாகவே மாறியிருக்கின்றன, பிரிக்க வழியில்லை. ஆர்.என்.ஏ. மிச்சமிருந்தால் இரு தரப்பையும் கலந்து, லைப்ரரி (சீக்வென்ஸ் செய்யத் தயாராக்கிய ஆர்.என்.ஏ. மாதிரி) தயாரிப்பிலிருந்து மறுபடி செய்யுங்கள்.