பிளைண்டை எங்கிருந்து தூக்குவது?

வணக்கம் சார்,

காட்பாடியில் சனிக்கிழமைதோறும் எட்டுப் பேர் போக்கர் ஆடுகிறோம். காசு கிடையாது, சிப் மட்டும்தான். பிளைண்ட் (சீட்டு பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் சிப்) 100/200. முன்னால் எல்லோரும் ஃபோல்ட் செய்து ஒதுங்கிவிட்டால், பட்டனுக்கு (சீட்டு போடுபவரின் இடம்) இரண்டு இடம் முன்பிருந்தே 600 ஏற்றிவிடுகிறேன். யாராவது கால் செய்துவிடுகிறார்கள் (அதே தொகையைப் போட்டுத் தொடர்கிறார்கள்), அதிலும் ராணிப்பேட்டை நண்பர் விடவே மாட்டார். சிப் கரைகிறது. எங்கே தப்பு? எல்லோரும் ஒதுங்கிய பிறகு சீட்டைத் திறந்து காட்டலாமா?

எஸ்., காட்பாடி

அன்புள்ள எஸ்.,

இடமும் தொகையும் இரண்டுமே இடிக்கின்றன. (காசு வைக்காதது நல்லது. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் ஆன்லைனில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களையே தடைசெய்துவிட்டது.)

இரண்டு பிளைண்டும் சேர்ந்து நடுவில் கிடப்பது 300. அதற்கு 600 போடுகிறீர்கள். 600-ஐ 900-ஆல் வகுத்தால் 66.7 சதவீதம், மூன்றில் இரண்டு முறை எல்லோரும் ஒதுங்கினால்தான் கையைக் கடிக்காது. 450 போட்டால் 60 சதவீதம் போதும். கால் வந்த பிறகும் சில கைகளை ஜெயிப்பீர்கள், அதை இதில் சேர்க்கவில்லை.

இப்போது இடம். நீங்கள் ஏற்றும் அந்த இடத்தில், அதாவது ஹைஜாக்கில், உங்களுக்குப் பின்னால் நாலு பேர். ஒவ்வொருவரும் நூற்றுக்கு 85 முறை ஃபோல்ட் செய்வதாக வைத்தாலும், நாலு பேரும் சேர்ந்து ஒதுங்குவது 52 முறைதான். அடுத்த இடமான கட்ஆஃபில் மூன்று பேர், 61. பட்டனில் இரண்டே பேர், 72. நிஜத்தில் பிக் பிளைண்ட் 85 முறை விடமாட்டார். ஏற்கெனவே 200 போட்டிருக்கிறார், 450-க்கு மேலும் 250 போட்டால் போதும். ஆகவே ஹைஜாக்கில் நல்ல கை வந்தால் மட்டும் ஏற்றுங்கள். கட்ஆஃபில் கொஞ்சம் தளர்த்தலாம். பட்டனில் பாதிக்குப் பாதி கைகளை ஆடலாம். சாதாரணக் கைகளில் ஒரு ஏஸ் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்: அது உங்களிடம் இருந்தால் எதிராளிக்கு ஏஸ் ஜோடி வரும் வழிகள் ஆறிலிருந்து மூன்றாகக் குறையும்.

சீட்டைவிட இடப்பக்கம் யார் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ராணிப்பேட்டை நண்பர் பிக் பிளைண்டில் இருந்தால், சாதாரணக் கையோடு ஏற்றி பிளைண்டைத் தூக்கும் திருட்டே வேண்டாம். எதையும் கால் செய்கிறவரிடம் நல்ல கையோடு மட்டும் மோதுங்கள், அப்போது 600 கூடப் போடலாம். பிக் பிளைண்டில் 2,000 சிப்போடு ஒருவர் உட்கார்ந்திருந்தாலும் ஆபத்து. உங்கள் 450-க்கு மேல் அவர் ஆல்-இன் (மொத்த சிப்பையும்) போட்டால், 2,550-ஐ எடுக்க நீங்கள் இன்னும் 1,550 போட வேண்டும். ஏறக்குறைய 38 சதவீதம் ஜெயிக்கும் வாய்ப்பு இருந்தால்தான் கட்டுப்படியாகும். ஏஸ்-பத்து என்றால் யோசிக்கலாம். ஒன்பது-நாலோடு ஏற்றியிருந்தால் 450-ஐ விட்டுவிட்டு எழ வேண்டியதுதான்.

பிக் பிளைண்ட் கால் செய்துவிட்டால் நடுவில் 1,000. ஜோடியில்லாத இரண்டு சீட்டு ஃப்ளாப்பில் (நடுவில் முதலில் திறக்கும் மூன்று சீட்டு) ஜோடி சேர்வது மூன்றில் ஒரு முறைதான். கிங்-ஏழு-இரண்டு மாதிரி ஒன்றோடொன்று ஒட்டாத சீட்டு விழுந்தால் 350 போடுங்கள்; நாலில் ஒரு முறைக்குச் சற்று மேல் அவர் ஒதுங்கினால் நஷ்டமில்லை. ஒன்பது-எட்டு-ஏழு விழுந்தால் செக், அதாவது எதுவும் போடாமல் விடுங்கள். ஒரு முறை போட்டும் அவர் விடவில்லை, உங்களிடமும் ஒன்றுமில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். உங்கள் சிப் கரைவது பெரும்பாலும் டர்னிலும் ரிவரிலும்தான் (நடுவில் திறக்கும் நாலாவது, ஐந்தாவது சீட்டு) இருக்கும்.

சீட்டைக் காட்ட வேண்டாம். ஒன்பது-நாலை ஒரு முறை காட்டினால், அடுத்த சுற்றிலிருந்து ஸ்மால் பிளைண்டில் இருப்பவரும் உங்கள் மேல் மறுபடி ஏற்றுவார்.