அக்கா மகன் மேல் என்ன கோபம்?

கேள்வி: கோவையில் 14 வருடமாக சிஎன்சி லேத் செட்டராக, அதாவது கணினி இயக்கும் கடைசல் மெஷினை வேலைக்குத் தயார்செய்பவனாக இருக்கிறேன். பத்து வருடத்துக்கு முன் ஹெல்பருக்கு 7,500 ரூபாய், எனக்கு 15,000. குறைந்தபட்சக் கூலி ஏறி ஏறி இப்போது ஹெல்பருக்கு 13,500, எனக்கு 18,500. இந்த ஹெல்பர் நான் சேர்த்துவிட்ட என் அக்கா மகன்தான். ஏப்ரலில் இருந்து அவனுக்கு ஆஃப்செட் (வெட்டும் கருவிக்கான அளவுத் திருத்தம்) சொல்லித் தருவதை நிறுத்திவிட்டேன். திறமைக்கு மதிப்பே இல்லையா?

பதில்: ஆஃப்செட் சொல்லித் தருவதை நிறுத்தினேன் என்று எவ்வளவு சாதாரணமாக எழுதுகிறீர்கள்! இன்சர்ட் என்கிற வெட்டுமுனையை மாற்றிவிட்டு 0.05 மில்லிமீட்டர் போட வேண்டிய இடத்தில் புள்ளி இடம் மாறி 5.0 என்று அடித்தால் இன்சர்ட் உடையும், ஜாப், அதாவது கடைகிற உலோகத் துண்டு, பிடியை விட்டுத் தெறிக்கவும் கூடும். அந்த மெஷின் முன்னால் அரைகுறையாகக் கற்றுக்கொண்டு நிற்பது உங்கள் அக்கா பெற்ற பிள்ளை. தாய்மாமன் செய்கிற காரியமா இது?

கணக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலி என்பது அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்தது. சென்னை விலைவாசிக் குறியீட்டை வைத்து ஏப்ரல் 1 தோறும் ஏறுகிற அந்தப் படி, ஒரே தொழிலில் ஹெல்பருக்கும் திறன்மிகு தொழிலாளிக்கும் ஒரே தொகை. பையனுக்கு ஏறியது 6,000. அதே தொகை உங்களுக்கும் ஏறியிருந்தால் இன்று 21,000 வாங்குவீர்கள். ஏறியதோ 3,500. நீங்கள் ஏற்கெனவே குறைந்தபட்சத்துக்கு மேல் வாங்குவதால், ஏற்றித்தர வேண்டிய சட்டக் கட்டாயம் முதலாளிக்கு இல்லை. ஆக, அந்த 2,500 முதலாளியிடம் கேட்க வேண்டியது. கேட்கத் துணியாமல் கோபத்தைச் சின்னப் பையனிடம் காட்டுகிறீர்கள்.

முதலில் சம்பளச் சீட்டில் உங்கள் பதவி என்னவென்று பாருங்கள். ஆபரேட்டர் என்றிருந்தால் செட்டர் என்று திருத்தச் சொல்லுங்கள். மூன்று மாதம் ஒரு நோட்டுப் போட்டு, ஒவ்வொரு செட்டிங்குக்கும் ஆன நேரம், ரிஜெக்‌ஷன் எண்ணிக்கை, திருத்திய புரோகிராம் எல்லாம் தேதியோடு எழுதுங்கள். ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி வருகிறதா என்றும் பாருங்கள். சம்பளம் 21,000-ஐத் தாண்டினால், நடப்புப் பங்களிப்புக் காலம் முடிந்ததும், அதாவது செப்டம்பர் அல்லது மார்ச் கடைசியோடு, ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் நின்றுவிடும்; சில மாதம் கழித்து அதன் மருத்துவ வசதியும் நின்றுவிடும். அதனால் குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடும் சேர்த்தே பேசுங்கள்.

பையன் அளவு பார்த்து, வெட்டுமுனை தேய்வதற்கு ஏற்ற ஆஃப்செட்டைத் தானே திருத்தினால், நீங்கள் இரண்டு மூன்று மெஷினுக்கு செட்டிங் பார்க்கலாம். சம்பளம் கேட்க அதைவிட வலுவான காரணம் உங்களிடம் இல்லை. திங்கட்கிழமை மைக்ரோமீட்டரை அவன் கையில் கொடுங்கள். அளந்து, எழுதி, உங்களிடம் காட்டிய பிறகு அவனே எண்ணை அடிக்கட்டும். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.