10க்கு 12 அடிப் படுக்கையறையை மாற்றி அமைக்க எங்கிருந்து தொடங்குவது?

பழைய வீட்டின் படுக்கையறையைப் புதுப்பிக்கப் போகிறீர்கள். முதலில் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதா, கட்டில் வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் முன்னால் அந்த அறையில் இரண்டு இரவு படுத்துப் பாருங்கள். எந்தச் சுவர் அனலாகக் கொதிக்கிறது, இருட்டில் எழுந்தால் கால் எதில் இடிக்கிறது, விளக்கைப் போட எத்தனை அடி நடக்கவேண்டியிருக்கிறது என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாள்தான் உங்கள் திட்டம்.

தஞ்சாவூரில் என் பெற்றோரின் அறையை நாங்கள் அப்படித்தான் மாற்றினோம். அதுவும் 10க்கு 12 அடிதான். அப்பா ஊன்றுகோலுடன் நடப்பவர். இரவில் இரண்டு முறையாவது குளியலறைக்குப் போவார். கடைக்காரர் 6 அடி அகலக் கட்டிலையே வாங்கச் சொன்னார். அம்மா கோலமாவை எடுத்துவந்து, 6 அடிக்கு ஆறரை அடி என்று அளந்து தரையில் கட்டிலை வரைந்துவிட்டார். பீரோவுக்கு 2 அடி ஆழம்; அதற்கும் ஒரு கோடு. அப்பாவை நடக்கச் சொன்னோம். அவர் போய்வந்த பிறகு பார்த்தால் கட்டிலின் ஓரக்கோடு ஓரிடத்தில் அழிந்திருந்தது. அவர் பாதத்தில் வெள்ளை மாவு. கட்டில் உண்மையில் அங்கே இருந்திருந்தால் முழங்கால் இடித்திருக்கும்.

அதனால் 5 அடிக் கட்டிலே போதும் என்று முடிவானது. தலைமாட்டை 10 அடிச் சுவரில் வைத்தோம். அது தெற்குச் சுவர் என்பதால் வடக்கே தலை வைக்கக்கூடாது என்னும் அம்மாவின் கவலையும் தீர்ந்தது. மேற்குப் பக்கம் 2 அடி, அப்பா இறங்கும் பக்கம் 3 அடி. கால்மாட்டில் பீரோ போக மூன்றரை அடி மிஞ்சியது. கதவைத் திறந்து நின்று துணி எடுக்கலாம். தலைமாட்டை 12 அடிச் சுவரில் வைத்து எதிரே பீரோவை நிறுத்தியிருந்தால் நடுவில் மிஞ்சுவது ஒன்றரை அடிதான். பீரோக் கதவே முழுதாகத் திறக்காது. கடையில் பார்க்கும்போது இது தெரியவே தெரியாது.

அடுத்தது ஓதம். குளியலறையை ஒட்டிய சுவரில் தரையிலிருந்து 2 அடி உயரம்வரை உப்புப் பூத்து, சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டிருந்தது. அதன்மேல் பட்டி பார்த்து பெயிண்ட் அடித்தால் அடுத்த மழைக்காலத்தில் கொப்புளம் கொப்புளமாக உரிந்து வரும். முதல் முறை எங்களுக்கு அப்படித்தான் ஆனது. பணம் போனதைவிட, அந்தச் சுவரைத் தினம் பார்த்து அம்மா வருந்தியதுதான் எனக்கு வலித்தது. இந்த முறை குளியலறை ஓடுகளின் இணைப்புகளை அடைத்து, கசிந்த குழாயை மாற்றி, கெட்டுப்போன பூச்சைக் கொத்திப் புதிதாகப் பூசி, கோடையில் 40 நாள் காயவிட்டோம். காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டிச் சுவரில் ஓர் இரவு விடுங்கள். காலையில் உட்பக்கம் முத்து முத்தாக நீர் இருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும்.

காயும் நாட்களில் மின்வேலையை முடித்துவிடலாம். வயர் பதிக்கச் சுவரில் காடி எடுக்கும் வேலை பெயிண்டுக்கு முன்னால்தான் நடக்க வேண்டும். பணம் மிச்சம் பிடிக்க எதைக் குறைத்தாலும், கட்டிலருகே ஒரு டூ-வே சுவிட்ச் (ஒரே விளக்கை வாசலிலிருந்தும் கட்டிலிலிருந்தும் போட்டு அணைக்க உதவுவது) வைப்பதைக் குறைக்காதீர்கள். ஏசி வைக்கும் எண்ணம் இருந்தால் அதற்குத் தனி இணைப்பையும் இப்போதே இழுத்துவிடுங்கள்.

நிறம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிற அட்டையில் பார்ப்பதைவிட நான்கு சுவரிலும் அடித்த பிறகு அழுத்தமாகத் தெரியும். சிறிய டப்பா வாங்கி 2 அடிச் சதுரத்தில் அடித்து, காலை வெளிச்சத்திலும் இரவு விளக்கிலும் பாருங்கள். எங்களுக்குப் பிடித்த இளஞ்சந்தன நிறம் மாலை வெயிலில் பழுப்பாகத் தெரிந்ததால், வெளிர்பச்சைக்கு மாறினோம். கதவு, ஜன்னல் போக எங்கள் சுவர்கள் சுமார் 385 சதுர அடி. இரண்டு பூச்சுக்கு லிட்டருக்கு 60 முதல் 70 சதுர அடி என்று கணக்கிட்டு 6 லிட்டர் எமல்ஷன் வாங்கினோம். பழைய சுண்ணாம்பை நன்றாகச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகே பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள்.

தச்சு வேலை இருந்தால் பெயிண்டின் கடைசிப் பூச்சை அது முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் பெயிண்டர்கள் கிடைப்பது கடினம். மாசி, பங்குனியில் தொடங்குவது நல்லது. உங்கள் அறையில் கதவும் ஜன்னலும் எந்தச் சுவரில் இருக்கின்றன என்று எழுதுங்கள். கட்டிலை எங்கே போடலாம் என்று நானும் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.